உரிந்து வந்த கியூடெக்ஸ்

அத்தியாயம் ஐந்து

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மாக்ரெட் தன் கொப்பியில் ஆறாவது வரியையும் வெட்டினாள். வெட்டிய வேகத்தில் பேனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்தாறு வருடம் இருந்து, எரிந்த வீடு எது, எரித்த வீடு எது என்று பிரித்து அறிக்கை எழுதியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுத் துப்பறியும் வேலையைத் தொடங்கினாள். இத்தனை காலத்தில் ஒரு வழக்கின் முதற்பக்கம் இப்படி முழுசாக வெட்டுப்பட்டுக் கிடந்ததில்லை.

"இனி எழுதாமலே வெட்டிப் பழகுங்க மிஸ். மை மிச்சம்," என்றாள் ஷிஹாரா.

ஷிஹாரா அவளுடைய உதவியாள். தெமட்டகொடைக்காரி, வயது இருபத்தேழு. ஸ்கூட்டரும் வாயும் அவளுடைய சொந்தம். இரண்டுக்கும் பிறேக் கொஞ்சம் குறைவு. மாக்ரெட் அவளை முறைத்துவிட்டு, வெட்டிய வரிகளையே திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் மருந்து.

அவர்கள் நின்றது வெள்ளவத்தை காலி வீதியில், மஜீட் ஹாஜியாரின் கம்பியூட்டர் கடை மேல்மாடியில். விஷயம் இதுதான். நேற்றுப் பின்னேரம் கொட்டாஞ்சேனை ஷெரோமி அழுதுகொண்டு மாக்ரெட்டின் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய புருஷன் சாரங்கன் ஐந்து வருடமாக ஹாஜியாரின் கடையில் திருத்த வேலை செய்கிறவன். நாளைக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு போட்டி. கம்பியூட்டரின் மூளையான புரொசசரை, செய்த கம்பனி சொன்ன வேகத்துக்கு மேலே யார் கூடுதலாக ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பார்கள். கடையின் பெயரில் சாரங்கன் இறங்க இருந்தான்.

வேகம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் புரொசசர் படுத்துவிடும். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. புரொசசரின் தலையில் ஒரு உலோக மூடி ஒட்டியிருக்கும். சாரங்கன் வைத்திருந்த பழைய இனத்தில், அந்த மூடிக்கும் உள்ளே இருக்கிற சிலிக்கன் துண்டுக்கும் நடுவில் ஒரு பசை. அது காய்ந்துபோனால் சூட்டை மேலே விடாது. கை தேர்ந்தவர்கள் மூடியைக் கழற்றி, பசையைத் துடைத்து, திரவ உலோகம் ஒரு துளி தடவித் திரும்ப மூடுவார்கள். இருபது பாகை சூடு இறங்கும். ஆனால் திரவ உலோகம் மின்சாரம் கடத்தும். பக்கத்தில் கடுகு போல இருக்கிற பாகங்களில் பட்டால் புரொசசர் முடிந்தது. அதனால் அந்தக் கடுகுகளின் மேல் பெண்கள் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸை, நிறமில்லாததாகப் பார்த்துப் பூசி மறைத்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை சாரங்கன் இதையெல்லாம் எல்லாருக்கும் முன்னாலே செய்து, நாலு மணித்தியாலம் ஓட்டியும் காட்டினான். புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. வியாழன் காலை அதே புரொசசரை எடுத்துப் போட்டான். மூன்று நிமிடம் ஓடியது. பிறகு உயிர் இல்லை.

ஹாஜியார் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஷெரோமி துப்பறியும் ஆளைத் தேடி வந்திருக்கமாட்டாள். கொழும்பில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற நூற்று நாற்பது பேர் இருக்கும் வட்சப் குழு ஒன்று உண்டு. சாரங்கனின் பெயரையும் படத்தையும் போட்டு, இவனை நம்பிச் சாமான் கொடுக்கவேண்டாம் என்று ஹாஜியார் செய்தி எழுதி வைத்திருந்தார். வெள்ளி ஐந்து மணிக்குள் அவன் தன் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் தராவிட்டால் அது போகும். போனால் பொரளை வரைக்கும், ஏன், ஊர் முழுக்கவும் அவனுக்கு ஒரு வேலை மேசை கிடைக்காது. செய்யாத பிழைக்குக் கடிதம் எழுதமாட்டேன் என்று அவன் இருந்தான்.

யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது ஷெரோமியின் கட்சி. அதைத்தான் மாக்ரெட் காலையிலிருந்து துரத்தினாள். கமெராப் பதிவுப் பெட்டி சித்திரை வருஷப் பிறப்போடு நிறைந்து நின்றுவிட்டதாம், ஒருவரும் கவனிக்கவில்லை. கடைப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று ஹாஜியாரிடம், மற்றது பில் போடுகிற மகள் நிஹ்லாவிடம், இரண்டும் கைவிட்டுப் போகவில்லை. கீழே காவல் இருக்கிற முகத்துவாரத்துப் பிறெடியிடம், போயாவன்று மேலே யாராவது வந்தார்களா என்று கேட்டாள். ஒருத்தரும் வரவில்லை என்று அவன் வேளாங்கன்னி மாதா மேல் சத்தியம் பண்ணினான். வெட்டு, வெட்டு, வெட்டு.

ஆறாவது வரிதான் மிச்ச வழியையும் அடைத்தது. ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். அறுபத்திரண்டு வயது. பதினாலு வயதில் ரேடியோ திறக்கத் தொடங்கிய கை, இன்னும் நடுங்கவில்லை.

"மூடியில வெட்டியீக்கிற நம்பரைப் பாருங்க மிஸ். செவ்வாக்கிழமை அவனே எடுத்த படத்தையும் பாருங்க. ஒண்டுதானே?"

பூச்சியமும் பிசகாமல் ஒன்றுதான்.

மூடிக்குள்ளே பார்க்கலாமா என்று மாக்ரெட் கேட்டாள். ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு சவர அலகொன்றை எடுத்து, ஒரு மூலையில் வைத்து, ஒரே ஒரு தள்ளுத் தள்ளினார். மூடி கீறலில்லாமல் வந்தது. உள்ளே திரவ உலோகம் பளபளத்தது. கடுகுகளின் மேல் கியூடெக்ஸ் ஒழுங்காகப் பூசியிருந்தது. சாரங்கன் என்னென்ன செய்தேன் என்று சொன்னானோ அதெல்லாம் அப்படியே இருந்தது. அதுதான் ஆத்திரம். அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையாகி அவனையே கட்டிப்போட்டது.

ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். செத்ததை யார் களவெடுக்கப் போகிறார்கள், வேணுமென்றால் வைத்துப் பாருங்கள் என்று பெட்டியை விட்டுவிட்டுப் போனார். வாடிக்கையாளர் ஒருவரிடம் நிஹ்லா மெல்லிய குரலில் போன் நம்பர் கேட்டு பில்லில் அடித்துக்கொண்டிருந்தாள். காலி வீதிப் பள்ளிவாசலின் பாங்கு ஒலி கண்ணாடிக்குள்ளாலும் துலக்கமாகக் கேட்டது. முன்பென்றால் பில் மெஷினாக வைத்திருக்கிற இந்தக் கம்பியூட்டரின் ஃபேன் போடுகிற கூச்சலில் தான் கத்தித்தான் நம்பர் கேட்பதாகவும், இந்தக் கிழமைதான் அது வாயை மூடியது என்றும் நிஹ்லா சிரித்துக்கொண்டு சொன்னாள். மாக்ரெட் தலையாட்டினாள். எழுதிக்கொள்ளவில்லை.

படிக்கட்டுக்கு வந்ததும் மாக்ரெட் பெட்டியைத் திரும்பவும் திறந்தாள். "எல்லாம் சரியா இருக்கு பிள்ளை. எனக்கு அதுதான் பிடிக்கேல்லை."

ஷிஹாரா தன் சுட்டுவிரல் நகத்தால் அந்தக் கியூடெக்ஸின் ஓரத்தைச் சுரண்டினாள். சாட்சிப் பொருளில் கை வைக்கிறாள் என்று மாக்ரெட் திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கியூடெக்ஸ் ஒரே தோலாக, பாலாடை போலக் கழன்று ஷிஹாராவின் நகத்தில் தொங்கியது.

"மிஸ், இது எங்கட ஆக்கள்ட கியூடெக்ஸ்," என்றாள் ஷிஹாரா.

அவள் விளக்கினாள். தொழுகைக்கு முதல் வுழு செய்ய வேண்டும். கை, கால், முகமெல்லாம் தண்ணீர் பட வேண்டும். சாதாரணக் கியூடெக்ஸ் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது. அதனால் ஆசைக்குப் பூசுகிறவர்களுக்கென்று உரிக்கிற வகை ஒன்று வருகிறது. பூசலாம், பாங்கு சொன்னதும் உரிக்கலாம். தங்கச்சியின் கல்யாணத்தன்று ஐந்து நேரமும் பூசி ஐந்து நேரமும் உரித்ததாக அவள் பெருமையாகச் சொன்னாள்.

"சாரங்கன் பூசினது ஆரிட போத்தல்?"

"ஷெரோமியிட," என்றாள் மாக்ரெட். "அவள் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள். அஞ்சு நேரம் உரிக்க அவளுக்கென்ன தேவை?"

இருவரும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். கடைக்குள்ளே நிஹ்லா, லுஹர் தொழுகைக்கு எழும்பும் முன், ஒரு பழைய பில் தாளை விரித்து வைத்து, தன் நகங்களிலிருந்து றோஸ் நிறத் தோல்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"திறப்பும் அவளிட்ட, போத்தலும் அவளிட்ட," என்றாள் ஷிஹாரா. குரலில் பகிடி இல்லை. நிஹ்லா காலையில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள்.

மாக்ரெட் ஏழாவது வரியை எழுதினாள். ஆனால் அவளுக்கு ஒன்று முதலில் தெரிய வேண்டும். ஷெரோமியின் போத்தலும் இப்படி உரிந்தால் இந்த வரிக்கும் வெட்டுத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போக வெள்ளிக்கிழமை மத்தியானத்தை விடப் பொல்லாத நேரம் இல்லை. தொழுகை முடிந்து பள்ளி விடுகிற சனம் ஒரு பக்கம், கோட்டையில் வீதி மறிப்பு ஒரு பக்கம். புறக்கோட்டையில் ஒரு கைவண்டிக்காரர் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்று வெங்காய மூட்டை எண்ணினார். ஷிஹாரா அவரோடு சிங்களத்தில் நியாயம் கதைக்க, பின்னால் இருந்த மாக்ரெட் ஒவ்வொரு நிமிடமாக மணிக்கூட்டைப் பார்த்தாள். லூசியா கோவில் வீதியில் ஷெரோமியின் வாசலில் இறங்கும்போது மணி இரண்டே கால்.

ஷெரோமி போத்தலை எடுத்து வந்தாள். மாக்ரெட் அதை ஒரு கரண்டியின் முதுகில் பூசி ஃபேனுக்குக் கீழே வைத்தாள்.  சாரங்கன் மேசையில் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு இருந்தான். நேற்றிலிருந்து அப்படித்தான் என்று ஷெரோமி மெதுவாகச் சொன்னாள்.

ஷிஹாரா சுரண்டினாள். நகத்தால், பிறகு ஸ்கூட்டர் திறப்பால், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு. வெள்ளைக் கீறல் விழுந்ததே தவிர ஒரு துணுக்கும் வரவில்லை.

"கரண்டி போச்சு அக்கா. ஆனா உங்கட ஆள் தப்பிட்டார்," என்றாள்.

அப்படியென்றால் அந்த மூடிக்குள்ளே இருப்பது சாரங்கன் பூசிய புரொசசர் அல்ல. நம்பர் இருப்பது மூடியில். மூடி கழன்று வரும் சாமான். காலையிலிருந்து தான் ஒரு தொப்பியைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்ததாக மாக்ரெட்டுக்கு விளங்கியது. 

அவள் சாரங்கனிடம், நீ வேலை செய்தபோது நிஹ்லா பக்கத்தில் நின்று பார்த்தாளா என்று கேட்டாள்.

இல்லை என்றான். நிஹ்லா அந்தப் பக்கமே வரவில்லை. ஹாஜியார்தான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நல்ல சாமானின் மண்டையைப் பிளக்கிற வேலை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து, கியூடெக்ஸ் எங்கெங்கே பூசவேண்டும், எவ்வளவு நேரம் காயவேண்டும் என்று கேள்வியும் கேட்டார்.

"அதே மாதிரிப் புரொசசர் கடையில வேற இருக்கா?"

"ஒரே பெட்டியில ஏழு வந்தது அன்ரி. ஏழையும் ஓட்டிப் பார்த்து, ஆக நல்லதைப் போட்டிக்கு வைச்சனான். அஞ்சு வித்துப்போச்சு. ஆக மோசமானது பில் மெஷினில கிடக்கு. அது சூடேறி ஃபேன் கத்தும். அதையும் திறந்து சரிக்கட்டித் தரட்டோ எண்டு கேட்டனான். என்ர கடையில இந்தப் பைத்தியம் ஒண்டு போதும் எண்டு சொல்லிட்டார்."

மாக்ரெட் எழும்பினாள். கொப்பி மடியிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"அது இப்ப கத்துறேல்லை தம்பி," என்றாள். "நிஹ்லா என்ர காதுக்குள்ள சொன்னவள். நான் எழுதேல்லை."

திரும்பி வரும் வழியில் மழை பிடித்தது. கடை வாசலில் இறங்கும்போது நாலு மணி முப்பத்தைந்து. மாக்ரெட் முதலில் பிறெடியிடம் போனாள். இந்த முறை கேள்வியை மாற்றினாள். போயாவன்று ஹாஜியார் வந்தாரா?

வந்தார் மிஸ், காலமை பத்துக்கு வந்து பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் இறங்கினார் என்றான் பிறெடி. காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் உண்மையிலேயே குழம்பிப்போனான்.

"நீங்க யாரும் வந்தாங்களா எண்டுதானே கேட்டீங்க. அவர் முதலாளி."

மேலே ஹாஜியார் கண்ணாடி மேசையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தார். ஷெரோமியும் சாரங்கனும் முச்சக்கரவண்டியில் வந்து நனைந்தபடி வாசலில் நின்றார்கள். கடிதம் கொண்டு வந்தாயா என்று ஹாஜியார் அவனைப் பாராமலே கேட்டார். ஒரு வாடிக்கையாளர் மவுஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பில்லுக்குக் காத்து நின்றார்.

மாக்ரெட் நிஹ்லாவிடம் அவளுடைய நிறமில்லாத கியூடெக்ஸ் போத்தல் எங்கே என்று விசாரித்தாள். அதைப் புதன்கிழமையிலிருந்து தேடினேன் என்றும், நேற்று வாப்பாவின் லாச்சிக்குள் கிடந்தது என்றும் நிஹ்லா வெள்ளந்தியாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹாஜியார்," என்றாள் மாக்ரெட், "காலமை அந்த மூடியைத் திறந்தீங்க. ஒரு மூலையில, ஒரே தள்ளு. முதல் தரம் திறக்கிற ஆள் எந்த மூலை எண்டு தேடும். நீங்க தேடேல்லை."

 ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சொன்னதில் களவு ஒன்றும் இல்லை. அந்த ஃபேனின் கூச்சல் ஒரு வருடமாக அவர் மண்டையைத் துளைத்தது. எல்லாருக்கும் முன்னாலே சிரித்த வேலையை அவனிடமே போய்ச் செய்து தா என்று கேட்க வாய் வரவில்லை. போயாவன்று தனியே வந்து பில் மெஷினின் புரொசசரைத் திறந்தார். மகளின் போத்தலை எடுத்துப் பூசினார். பூசியது சரியா என்று பார்க்க ஒரு மாதிரி வேண்டியிருந்தது. சாரங்கனுடையதையும் திறந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மூடினார். ஒன்றை பில் மெஷினில் போட, சத்தமே இல்லாமல் ஓடியது. மற்றதைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"நான் செஞ்சது வேலை செஞ்சது மிஸ். இவன் செஞ்சது செத்துப்போச்சு. அப்ப எனக்குக் கோவம் வராதா?" என்றவர், குரல் தாழ்ந்து சொன்னார். "இல்லாட்டி நான் திறந்ததிலதான் செத்ததோ எண்டு நேத்து ராவு நித்திரையும் இல்ல."

"இரண்டு தலை, இரண்டு தொப்பி," என்றாள் ஷிஹாரா. "மாறிப் போட்டிருக்கீங்க ஹாஜியார்."

சாரங்கன் பில் மெஷினை நிற்பாட்டி, புரொசசரைக் கழற்றி, மூடியைத் திறந்தான். மாக்ரெட் ஷிஹாராவைப் பார்த்தாள். ஷிஹாரா சுரண்டினாள். வரவில்லை. ஷெரோமி கைப்பையில் கொண்டு வந்த கியூடெக்ஸ் றிமூவரை ஒரு பஞ்சில் தொட்டு ஓரத்தில் வைத்தபோதுதான் கரைந்தது. அங்கே அவளுடைய போத்தலிலிருந்து திரும்பவும் பூசி, ஃபேன் காற்றில் காயவைத்து மூடி, பரீட்சை மேசையில் போட்டான். திரையில் வேகம் ஏறியது. செவ்வாய்க்கிழமை நின்ற அதே எண்ணில் போய் நின்றது. கொழும்பின் ஆக வேகமான புரொசசர் இரண்டு நாளாக மவுஸுக்கும் கீபோர்ட்டுக்கும் பில் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு சாரங்கன் செத்ததைக் கையில் எடுத்தான். உரிக்கிற கியூடெக்ஸ் சூட்டுக்குச் சுருங்கி ஓரம் எழும்பியிருக்கும், உலோகம் கீழே ஊர்ந்திருக்கும் என்று மாக்ரெட்டுக்கு விளக்கினான். வெளிச்சத்தில் பிடித்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஹாஜியார், நீங்க பூசின இடமெல்லாம் சரி. ஒரு புள்ளி விடேல்லை. போத்தல்தான் பிழை."

மணி ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஹாஜியார் போனை எடுத்தார். எழுதி வைத்திருந்த செய்தியை ஒரேயடியாக அழிக்க அவருக்குத் தெரியவில்லை; கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். நீளமான செய்தி. சாரங்கனின் பெயர் மேலே இருந்தது, அதனால் அது கடைசியாகத்தான் போகும். பெயர் வந்ததும் கை நின்றது. பெயரை அழிக்காமல், அதற்குப் பக்கத்தில், நாளைக்கு எங்கட கடையிலிருந்து இறங்குறது இவர்தான் என்று எழுதி, நூற்று நாற்பது பேருக்கும் அனுப்பினார்.

மவுஸ் வாங்க வந்தவர், தம்பி என்ர பில், என்று இருமினார். பில் மெஷின் மண்டை திறந்து கிடந்தது. நிஹ்லா பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்தாள்.

திங்கட்கிழமை வந்து பில் மெஷினுக்கு வேறொன்றைத் திறந்து போட்டுத் தருவதாகவும், சத்தம் வராது என்றும் சாரங்கன் சொன்னான். ஹாஜியார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் சரிப்படுத்தினார்.

"நீ போட வேணாம்," என்றார். "பக்கத்தில நில்லு. நான் போடுறன்."

"போத்தலை மட்டும் ஷெரோமி அக்கா கொண்டு வரட்டும்," என்றாள் ஷிஹாரா.